எந்த மாதத்து நீர்மட்டம்?

கிராவல் (சரளை மண்) குவாரியின் ஆழத்தை நிலத்தடி நீர்மட்டத்துக்கு மேலேயே நிறுத்தினால் பாதிப்பில்லை என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. சரி, எந்த மாதத்து நீர்மட்டம்? சென்னையைச் சுற்றி மே மாதம் கிணற்றில் தண்ணீர் அடியில் கிடக்கும். வடகிழக்குப் பருவமழை முடிந்து ஜனவரியில் பார்த்தால் நன்றாக மேலே வந்திருக்கும். கோடை அளவை வைத்து ஆழத்தை முடிவு செய்தால் மழைக்குப் பின் குழியில் ஊற்றெடுக்கும். மோட்டார் போட்டு இறைப்பார்கள், பக்கத்து வயல் கிணறு இறங்கும். அப்புறம் காரணத்தை நிரூபிக்கும் வேலை விவசாயி தலையில்!

குவாரிக் குழியில் தேங்கும் தண்ணீர் பயன்தானே, சென்னை அருகே சிக்கராயபுரம் கல்குவாரித் தண்ணீரை 2017 வறட்சியில் சுத்திகரித்து நகரத்துக்குக் கொடுத்தார்களே என்பார்கள். அது பாறைக்குழி. கிராவலோ மழைநீரை உள்ளே இறக்கும் அடுக்கு, இரண்டையும் ஒன்றாகப் பேச முடியாது. அனுமதிக்கு முன்பே ஒரு முழு வருடம் சுற்றுக் கிணறுகளை அளந்து, அந்தப் பதிவை ஊராட்சி அலுவலகத்தில் ஒட்டட்டும்.