அது மைசூர் சமஸ்தானத்தின் பாதை
கோலார் தங்கவயலுக்குப் போகும் பங்காரப்பேட்டை – மாரிகுப்பம் ரயில்பாதை வெள்ளைக்காரச் சுரங்கக் கம்பெனிக்குச் சொந்தமாக இருந்தது என்று உங்கள் கட்டுரையில் இருக்கிறது. தயவுசெய்து திருத்துங்கள். 1894-இல் திறந்த அந்த 10 மைல் அகலப்பாதை மைசூர் சமஸ்தானத்தின் சொத்து. வண்டி ஓட்டியதுதான் மெட்ராஸ் ரயில்வே. பங்காரப்பேட்டைக்கு அப்போது பௌரிங்பேட்டை என்று பெயர்.

என் தாத்தா சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் இறங்கி வேலை பார்த்தவர். 2001-இல் தங்கவயல் சுரங்கங்களை மூடிய பிறகு எங்கள் ஜனங்களுக்குச் சோறு போடுவது பெங்களூர் வேலை. கொண்டுவந்து சேர்ப்பது இந்தப் பாதை. நானும் அப்படி வந்தவன்தான். விடிவதற்கு முன்னால், டிபன் பாக்ஸை மடியில் வைத்தபடி ஜன்னலில் சாய்ந்து தூங்குவார்கள் பெண்கள். வழியில் உரிகம் ஸ்டேஷனில் ஏறுகிறவர்கள் அவர்களை எழுப்பாமல் ஓரமாக உட்காருவார்கள்.