அப்பாயியின் கடவுச்சீட்டு

மனித உரிமைகள் பாடத்தை ஐ.நா.விலிருந்து தொடங்குவதை விட்டுவிட்டேன். முன்பெல்லாம் நானும் அப்படித்தான்: உலகப் பிரகடனம், 30 உறுப்புரைகள், பரீட்சைக்கு ஐந்து. பிள்ளைகள் ஒப்புவித்தார்கள், நான் புள்ளி போட்டேன்.

இப்போது முதல் வகுப்பிலேயே, வீட்டிலுள்ள மிகப் பழைய ஆவணம் எது என்று பார்த்துவிட்டு வரச் சொல்கிறேன். (கையில் கொண்டுவர வேண்டாம். நம் மலையக மழையை நம்ப முடியாது.)

கண்டிக் கிராமத்துச் சிங்கள மாணவன் ஒருவன் காணி உறுதி என்றான். தேயிலைத் தோட்டத்துப் பையன் சிரித்தான்: "எங்கள் வீட்டில் சம்பளத் துண்டுதான் சேர்." பிறகு ஒரு மாணவி எழுந்தாள். அவள் அப்பாயியின் (அப்பாவின் அம்மா) தகரப் பெட்டியில் இந்தியக் கடவுச்சீட்டு இருக்கிறது. அப்பாயி இந்தியாவைப் பார்த்ததே இல்லை. 1964ஆம் ஆண்டு இந்தியாவும் இலங்கையும் செய்த சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், பிரஜாவுரிமை இல்லாதிருந்த மலையகத் தமிழரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று, கொழுந்து நிறுத்துப் பிரிப்பதுபோலப் பிரித்தது. அப்பாயி விண்ணப்பித்தார், கடவுச்சீட்டும் வந்தது. 1984இல் இந்தியாவுக்குப் போகும் தலைமன்னார்க் கப்பல் நின்றுபோக, தோட்டத்து வரிசை வீடான லயத்திலேயே தங்கிவிட்டார். 2003ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான் இலங்கைப் பிரஜையானார்.

அன்று பிரகடனத்தின் 15ஆவது உறுப்புரையை நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. தேதிகளை மட்டும் பலகையில் எழுதினேன். நம்மவர்களின் பிரஜாவுரிமையைப் பறித்த சட்டம் நடைமுறைக்கு வந்தது 1948 நவம்பர் 15. ஒவ்வொருவருக்கும் ஒரு தேசத்தவராக இருக்கும் உரிமை உண்டென்று ஐ.நா. அறிவித்தது அதே ஆண்டு டிசம்பர் 10. இடையில் 25 நாள்! வகுப்பு அப்படி அமைதியாகி நான் கண்டதில்லை.

"இதெல்லாம் அரசியல், பாடத்திட்டத்தில் இல்லையே" என்றார் சக விரிவுரையாளர் ஒருவர். அடிப்படை உரிமை மீறலுக்கு உயர் நீதிமன்றம் போக அரசியலமைப்பின் 126ஆவது உறுப்புரை ஒரு மாத அவகாசம்தான் தருகிறது. இது பாடத்திட்டத்தில் இருக்கிறது. அந்தச் சம்பளத் துண்டுப் பையனுக்கு வந்த நேர்முகக் கடிதம் தோட்ட அலுவலகத்தில் கிடந்து, தேதி முடிந்த பிறகே கைக்கு வந்தது. லயத்துக்கென்று தனி முகவரி இல்லாதவனுக்கு ஒரு மாதம் என்பது எத்தனை நாள்? இந்தக் கேள்வியை எந்தத் தலைப்பின் கீழ் நடத்துவது என்று நண்பரே சொல்லட்டும்.

நேற்று அந்த மாணவி வந்தாள். கட்டுரையில் அப்பாயியின் கடவுச்சீட்டைச் சான்றாகக் காட்டலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள். காட்டு, பக்க எண்ணையும் மறக்காமல் போடு என்றேன்.