வாசலில் படுத்திருந்த நாயை ஏன் விரட்டினீர்கள்?

நாய்களைப் பற்றி எழுதுபவர்களுக்குப் பரிசு கொடுக்கும் விழா. அதன் வாசலிலேயே ஒரு நாயைக் கம்பால் அடிக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை புதுச்சேரியில் என் கண்ணால் பார்த்தேன். இரண்டு நாளாகியும் ஆத்திரம் அடங்கவில்லை.

தேவனாம்பட்டினத்தில் படகு நிழலில் வாழும் ஒரு தெருநாயைப் பற்றி நான் எழுதிய கட்டுரைக்குப் பரிசு என்று கூப்பிட்டிருந்தார்கள். அமெரிக்காவில் 1935-லேயே நாய்களைப் பற்றி எழுதுபவர்கள் சங்கம் தொடங்கிவிட்டார்கள், பரிசும் கொடுக்கிறார்கள். நம் பக்கத்திலும் அப்படி ஒன்றா என்று அவ்வளவு சந்தோஷப்பட்டேன்.

அழைப்பிதழில் காலை 10 மணி என்று போட்டிருந்தது. கடலூரில் ஏழரைக்கே பஸ் ஏறி, அரியாங்குப்பம் நெரிசலில் நின்று நின்று போய், ஒன்பதரைக்கு மண்டபத்தில் இருந்தேன். விழா ஆரம்பித்தது பன்னிரண்டேகாலுக்கு. சிறப்பு விருந்தினர் வரவில்லையாம். பரிசு வாங்க வந்த ஒரு பெண் திண்டிவனத்திலிருந்து கைக்குழந்தையோடு வந்திருந்தாள். குடிக்கத் தண்ணீர் வேண்டுமா என்று அவளை யாரும் கேட்கவில்லை.

அந்த நேரத்தில்தான் அது நடந்தது. வாசல் படியோரம் செம்பழுப்பு நிறத்தில் ஒல்லியாக ஒரு நாய் படுத்திருந்தது. காது நுனியில் வெட்டு இருந்தது. பிடித்துக்கொண்டு போய்க் கருத்தடை செய்து, வெறிநாய்க்கடித் தடுப்பூசியும் போட்டு, பிடித்த இடத்திலேயே விட்டுவிட்டார்கள் என்பதற்கு அடையாளம் அந்த வெட்டு. நாய்ப் பிரியர் என்று சட்டையில் பேட்ஜ் குத்தியிருப்பவருக்கு இது தெரிய வேண்டாமா? அப்படி ஒருவர்தான் வாட்ச்மேனைக் கூப்பிட்டு விரட்டச் சொன்னார். முதல் அடி விழுந்ததும் அந்த நாய் எழுந்து நின்று வாலைக் குழைத்தது. இரண்டாவது அடிக்குத்தான் ஓடியது.

ஓடிப்போய் வாட்ச்மேனிடம் கேட்டேன். "நான் என்னக்கா பண்றது, விஐபி வர்ற நேரம், நாய் கிடந்தா என்னைத்தான் கேப்பாங்க" என்றார். அவரைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. சொன்னவர் உள்ளே ஏசியில் உட்கார்ந்திருந்தார்.

அப்புறம் மேடை. பொன்னாடை, பொன்னாடை, மறுபடியும் பொன்னாடை. சிறப்பு விருந்தினர் தன் வீட்டு லேப்ரடார் என்ன சாப்பிடும் என்று 40 நிமிடம் பேசினார். உடம்பில் வேல் தைத்திருக்கும்போதும் எறிந்தவனைப் பார்த்து வாலைக் குழைக்கும் நாயை நாலடியார் பாடியிருக்கிறது. ஞமலி, ஞாளி என்று நாய்க்குப் பழந்தமிழில் எத்தனை பெயர்கள்! அதில் ஒரு வார்த்தையாவது அந்த மேடையில் வந்திருக்கக் கூடாதா? பரிசு வாங்கிய ஆறு பேரையும் ஒன்றாக மேலே ஏற்றி ஒரே போட்டோ எடுத்தார்கள், இறக்கிவிட்டார்கள். யார் எழுதியதிலிருந்தும் ஒரு வரி வாசிக்கவில்லை. தொகுப்பாளர் என் கட்டுரையை "ராஜபாளையம் நாயின் வீரம்" என்று அறிவித்தார். அய்யா, அது மீன் செதில் தின்று வளர்ந்த தெருநாய்! முதல் பத்தியைப் படித்திருந்தாலே தெரிந்திருக்கும்.

சரி, ராஜபாளையம் மேல்தான் அவ்வளவு மதிப்பு என்றால் ஷீல்டிலாவது அதைப் பொறித்திருக்கலாமே? 2005-ல் அஞ்சல் துறை அதற்குத் தபால்தலையே வெளியிட்டது. என் கையில் கொடுத்த ஷீல்டில் இருப்பது அல்சேஷன் தலை.

சாப்பாட்டுக்கு நிற்காமல் கிளம்பிவிட்டேன். அந்த நாயைத் தேடி மண்டபத்தைச் சுற்றியிருந்த இரண்டு தெருவிலும் நடந்தேன். கிடைக்கவில்லை.

அடுத்த வருடம் பரிசு வாங்குபவர்கள் எழுதியதில் ஒரு பத்தியாவது மேடையில் வாசிக்க வேண்டும், வாசலில் ஒரு தண்ணீர்ச் சட்டி வைக்க வேண்டும், எந்த நாயையும் அடிக்கக் கூடாது என்று அமைப்பாளர்களுக்கு நேற்றே கடிதம் போட்டுவிட்டேன். ஷீல்டையும் அதோடு வைத்துத் திருப்பி அனுப்பிவிட்டேன்.