ஹைபிரிட் விதையில் அம்மா எது?

ஹைபிரிட் பற்றிச் சண்டை போடுகிறவர்கள் யாரும் கேட்காத கேள்வி ஒன்று உண்டு. அந்தக் கலப்பில் அம்மா எது, அப்பா எது? (காய்த்து விதை தரும் செடி அம்மா, மகரந்தம் தரும் செடி அப்பா.) "இரண்டு ரகத்தைச் சேர்த்தார்கள், பாதிப் பாதி" என்று ஆதரிப்பவரும் சொல்கிறார், எதிர்ப்பவரும் சொல்கிறார். (எதிர்ப்பவர் கூடவே "மலட்டு விதை" என்பார். பெரும்பாலான ஹைபிரிட் செடிகளின் விதை நன்றாகவே முளைக்கும். பிள்ளைகள் ஒரே மாதிரி இருக்காது, அவ்வளவுதான்.)

பாதிப் பாதி என்பது செடிக்குப் பெரும்பாலும் சரி. விதைக்குள் சரியில்லை. மகரந்தம் இரண்டு ஆண் செல்களைக் கொண்டுவருகிறது. ஒன்று முட்டையோடு சேர்ந்து கரு ஆகிறது. இன்னொன்று அம்மா பக்கத்து இரண்டு உட்கருக்களோடு சேர்ந்து கருவூண், அதாவது கருவுக்கான உணவு, ஆகிறது. அதாவது கருவூணில் அம்மாவுக்கு இரண்டு பங்கு, அப்பாவுக்கு ஒன்று. பிளஸ் டூவில் 'மூவிணைவு' என்று ஒரு மார்க்குக்கு மனப்பாடம் செய்தோமே, அதுதான். தண்டையார்பேட்டையில் வண்டிக்காரர் சீவித் தரும் இளநீரும் வழுக்கையும் கருவூண்தான். செங்குன்றம் ஆலையில் நெல்லைத் தீட்டும்போது கரு தவிட்டோடு போய்விடும். மூட்டையில் வருவது ஏறக்குறைய முழுக்கக் கருவூண். வியாசர்பாடியில் என்னிடம் ட்யூஷன் படிக்கும் பிள்ளைகள் இதை நம்ப மாட்டேன் என்கிறார்கள். கைடில் அப்படிப் போடவில்லையாம்.

சரி, இரண்டுக்கு ஒன்று என்ற எண்ணிக்கையோடு விஷயம் முடிந்ததா? இல்லை. மக்காச்சோளத்தில் R என்று ஒரு ஜீன், மணிக்கு ஊதா நிறம் தருவது. அது அம்மா வழியாக வந்தால் மணி முழுக்க நிறம். அதே ஜீன் மகரந்தம் வழியாக வந்தால் திட்டுத் திட்டாகத்தான் நிறம். அப்பா பக்கம் ஒரே பிரதி என்பதால் அப்படி என்று யாருக்கும் தோன்றும். ஜெர்ரி கெர்மிக்கிள் என்ற மக்காச்சோள மரபியல் ஆராய்ச்சியாளர் அப்பா பக்கத்திலிருந்து இரண்டு பிரதி வரும்படி செய்து பார்த்தார், அப்போதும் திட்டுதான். 1970-இல் வெளியிட்டார். ஜீன் ஒன்றுதான், எந்த வழியாக வந்தது என்ற அடையாளம் அதன்மேல் இருக்கிறது. இதைத்தான் ஜீனோமிக் இம்பிரிண்டிங் என்கிறார்கள். ஜீனின் டிஎன்ஏ எழுத்து மாறுவதில்லை, அந்த டிஎன்ஏ மேல் மெத்தில் என்ற சிறு ரசாயனக் குறி இருப்பதும் நீங்குவதும்தான் பல இடங்களில் வித்தியாசம்.

இதைக் கண்டுபிடிக்கவே ஹைபிரிட் வேண்டும் என்பதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த இடம். ஒரே ரகத்துக்குள் சேர்த்தால் இரண்டு பக்கப் பிரதியும் ஒன்றுபோல இருக்கும், யாருடையது வேலை செய்கிறது என்று சொல்லவே முடியாது. அதனால் இரண்டு ரகங்களை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாற்றிச் சேர்த்து, கருவூணின் ஆர்என்ஏவை, அதாவது வேலை செய்யும் ஜீனிலிருந்து எடுக்கப்படும் நகலை, படிக்கிறார்கள். இரண்டு கலப்பிலும் அம்மா பிரதி மட்டுமே பேசினால், அல்லது அப்பா பிரதி மட்டுமே பேசினால், அது இம்பிரிண்ட் ஆன ஜீன். ஒரு ரகத்தின் பிரதியே எந்தப் பக்கமிருந்து வந்தாலும் ஓங்கிப் பேசினால் அது வேறு கதை, அந்த ரகத்தின் குணம்.

கடுகுக் குடும்பத்து அராபிடாப்சிஸ் செடியில் மெடியா என்று ஒரு ஜீன். அம்மா பிரதி கெட்டுப்போயிருந்தால், அப்பா நல்ல பிரதியையே தந்திருந்தாலும் விதை செத்துப்போகும், ஏனென்றால் கருவூணில் அப்பா பிரதி வாய் திறப்பதில்லை. கிரேக்கக் கதையில் பெற்ற பிள்ளைகளைக் கொன்ற தாயின் பெயர் அது. விஞ்ஞானிகளுக்கும் குசும்பு உண்டு.

விதையில்லாத் தர்பூசணி எல்லோருக்கும் தெரியும். நான்கு தொகுதி குரோமோசோம் உள்ள செடியை அம்மாவாகவும் சாதாரணச் செடியை அப்பாவாகவும் வைத்தால்தான் அதற்கான விதை கிடைக்கும். திருப்பிப் போட்டால் உருப்படியான விதை வராது. அப்பா பங்கு மிஞ்சும்போது கருவூண் கட்டுக்கடங்காமல் வளர்ந்து சிதைவது பல செடிகளில் பார்த்திருக்கிறார்கள்.

உடனே எல்லாவற்றுக்கும் எபிஜெனெடிக்ஸ் (எழுத்து மாறாமல் இப்படிக் குறிகளால் ஜீனின் வேலை மாறுவது) என்று கிளம்பிவிடாதீர்கள். செடிகளில் இம்பிரிண்டிங் பெரும்பாலும் கருவூணோடு நிற்கிறது, கருவூண் அடுத்த தலைமுறைக்குப் போவதில்லை. ஹைபிரிட் செடி ஓங்கி வளரும் அந்தக் கலப்பின வீரியத்துக்கு இது முழுக் காரணம் என்று யாராவது சொன்னால் நான் வாங்க மாட்டேன். விதை எவ்வளவு நிறைகிறது, பதராகிறதா என்பதில் இதற்குப் பங்கு உண்டு. பள்ளிப் பாடத்தில் ஒரு பக்கம் ஒதுக்க அதுவே போதும்.

பெரம்பூர், கொளத்தூர் மாடித்தோட்டக்காரர்களில் மிளகாய் ரகங்களைச் சேர்த்துப் பார்க்கிறவர்கள் இருந்தால், குறித்து வைக்கும்போது அம்மா ரகத்தை முதலில் எழுதுங்கள். தாவரக் கலப்பில் அதுதான் வழக்கம். அப்புறம் பக்கத்தை மாற்றியும் ஒரு தடவை சேர்த்து, இரண்டு காய்களின் விதையையும் எடை போட்டுக் கமெண்டில் சொல்லுங்கள்.