டாக்ஸி ஓட்ட வர்ற தம்பிங்களுக்கு: முதல்ல வண்டி வாங்காதீங்க

போன வாரம் எங்க ஊரு பையன் ஒருத்தன் இன்பாக்ஸ்ல கேட்டான், அண்ணே லைசன்ஸ் வந்துடுச்சு, அம்மா நகைய வச்சு ஒன்றரை லட்சம் ரெடி பண்ணிட்டேன், புது வண்டி டியூ போட்டு எடுத்து டி போர்டு (வாடகை வண்டிக்கான மஞ்ச நம்பர் பிளேட்டு) மாட்டிடலாமான்னு. பதில் டைப் பண்ண ஆரம்பிச்சேன், நீளமா போயிடுச்சு. அவன மாதிரி நெறய பேரு இருக்கீங்க, அதான் இங்கயே போடறேன்.

கும்பகோணத்துல 11 வருஷமா ஓட்டறேன். நான் வந்தப்ப பேட்ஜ், அதாவது வாடகை வண்டி ஓட்டறதுக்குத் தனியா வாங்கற அனுமதி, இல்லாம மஞ்ச போர்டு வண்டி ஸ்டியரிங்க தொட முடியாது. எல்எல்ஆர் (பழகுநர் லைசன்ஸ்) போட்டு 30 நாள் கழிச்சு பிரேக் இன்ஸ்பெக்டர் முன்னாடி ஓட்டிக் காட்டி லைசன்ஸ் வாங்கணும், அப்புறம் ஒரு வருஷம் காத்திருந்துதான் பேட்ஜ். எட்டாவது பாஸ் சர்டிபிகேட் வேற கேப்பாங்க. எங்க மாமா பையன் ஏழாவதோட நின்னவன், எங்க எல்லாரையும் விட நல்லா ஓட்டுவான், 2019ல படிப்பு கண்டிஷன எடுக்கற வரைக்கும் அவனால பேட்ஜ் போட முடியல, அத்தன வருஷம் செங்கல் லோடு ஏத்திக்கிட்டு இருந்தான். 2017ல சுப்ரீம் கோர்ட்டு கார் லைசன்ஸ் இருந்தாலே 7,500 கிலோவுக்குள்ள இருக்கற வாடகை வண்டியும் ஓட்டலாம்னு சொன்னுச்சு, 2024 நவம்பர்ல அஞ்சு நீதிபதி பெஞ்சும் அதையே உறுதி பண்ணிடுச்சு. ஆக்சிடென்ட் ஆனா டிரைவருக்கு பேட்ஜ் இல்லன்னு இன்சூரன்ஸ்காரங்க கை விரிச்ச கேஸுங்கதான் அங்க வரைக்கும் போச்சு. நல்ல தீர்ப்பு, ஏழைப் பசங்களுக்கு வழி திறந்துச்சு, மனசார சொல்றேன்.

ஆனா ஒண்ணு புரிஞ்சுக்கங்க, அந்தத் தீர்ப்பு டிரைவர் லைசன்ஸப் பத்தி, வண்டியப் பத்தி இல்ல. பேட்ஜ்தான் வேணாமேன்னு சொந்த போர்டு (வெள்ளை நம்பர் பிளேட்டு) காரை வாடகைக்கு விடற பசங்கள பாக்கறேன், தயவுசெஞ்சு வேணாம்டா. மஞ்ச போர்டு, பெர்மிட், எஃப்சி (வண்டி தகுதிச் சான்று), டாக்ஸி இன்சூரன்ஸ் எல்லாம் இருக்கணும், அடிபட்டு ஆஸ்பத்திரியில கெடக்கறவங்களுக்கு உன் சொந்த போர்டு பாலிசி கை கொடுக்காது.

இப்ப விஷயத்துக்கு வரேன். லைசன்ஸ் வந்ததும் வண்டி வாங்காதீங்க. ஒரு வருஷமாவது ஆக்டிங் டிரைவரா, அதாவது அடுத்தவங்க வண்டிய கூலிக்கு ஓட்டறவனா போங்க. பேட்டா கம்மி, நேரத்துக்கு சாப்பாடு கெடையாது, கல்யாண டிரிப்புல பந்தியில உக்கார சொல்றவங்களும் உண்டு, வண்டியிலயே இருப்பான்னு சொல்றவங்களும் உண்டு. எல்லாம் தெரியும், அனுபவிச்சவன்தான். இருந்தாலும் போங்க, ஏன்னா ஸ்டியரிங் புடிக்கத் தெரிஞ்சதும் தொழில் தெரிஞ்சதா நெனச்சுக்கறோம்.

என் முதல் நவகிரக டிரிப் சொல்றேன், எங்க ஊரச் சுத்தி இருக்கற ஒன்பது கிரகக் கோயிலையும் பாக்கற டிரிப். பெங்களூர்ல இருந்து ஒரு குடும்பம், வயசான பாட்டி ஒருத்தங்க. ஞாயிறுதானே முதல் கிரகம்னு நேரா சூரியனார் கோயில் போனேன், அப்புறம் கஞ்சனூர், திரும்பி வந்து திருநாகேஸ்வரம், அங்கேர்ந்து ஆலங்குடி போய் நிக்கறப்ப மணி பன்னெண்டு நாப்பது. நடை சாத்திட்டாங்க. இனிமே நாலு மணிக்குத்தான். அந்தப் பாட்டி செருப்பக் கழட்டி கையில வச்சுக்கிட்டு வெயில்ல மூடுன கதவையே பாத்துக்கிட்டு நின்னாங்க, என்ன ஒரு வார்த்தை திட்டல. அது இன்னும் என் கண்ணுலயே இருக்கு. அன்னிக்கு ராத்திரி ஸ்டாண்டுல 30 வருஷம் அம்பாசிடர் ஓட்டின ஒரு பெரியவர் டிரிப் ஷீட்டுக்குப் பின்னாடி பேனாவுல எழுதிக் கொடுத்தாரு: விடியக்காலைல திங்களூர், அப்புறம் ஆலங்குடி, திருநாகேஸ்வரம், சூரியனார் கோயில், கஞ்சனூர், மத்தியானம் சாப்பாடு, நடை திறந்ததும் வைத்தீஸ்வரன் கோயில், திருவெண்காடு, கீழப்பெரும்பள்ளம், கடைசியா திருநள்ளாறு. திருநள்ளாறு காரைக்கால்ல இருக்கு, அது பாண்டிச்சேரி கணக்கு, பெர்மிட்ட முதல் நாளே பாத்துக்கன்னாரு. திருநாகேஸ்வரத்துல ராகு காலத்துல பாலாபிஷேகம் பாக்கணும்னு கேப்பாங்க, ராகு காலம் கிழமைக்குக் கிழமை மாறும், அதுக்கேத்த மாதிரி ரூட்ட மாத்துன்னாரு. இத எந்த மேப்பும் சொல்லாது, அந்த ஷீட்டு இன்னும் என்கிட்ட இருக்கு.

அப்புறம் நானும் வண்டி எடுத்தேன். 2019 நவம்பர், முன்பணம் 1,60,000, அதுல பாதி என் வீட்டுக்காரம்மா வளையல், மாசம் 14,800 டியூ, 60 மாசம். நாலே மாசத்துல லாக்டவுன். கோயில் பூட்டிட்டாங்க, கும்பகோணத்துல கோயில் பூட்டுனா டாக்ஸிக்கு என்ன வேலை. ஆகஸ்ட் வரைக்கும் டியூ தள்ளிப் போட்டுக்கலாம்னு ரிசர்வ் பேங்க் வழி பண்ணுச்சு, ஆனா வட்டி நிக்கல, செப்டம்பர்ல கோயில் திறந்தும் வெளியூர் பார்ட்டி வரல, ஃபைனான்ஸ்ல இருந்து ஃபோன் மட்டும் தெனம் வந்துச்சு. 2021ல வித்துட்டேன். வித்த காசு லோன் பாக்கிக்கே சரியா போச்சு, வளையல் வரவே இல்ல.

அது கொரோனா காலம் அண்ணே, இப்ப என்னங்கறான் அந்தத் தம்பி. கணக்கு போட்டுப் பாருடா. 14,800ன்னா ஒரு நாளைக்கு கிட்டத்தட்ட 500 ரூபா, நீ காய்ச்சல்ல படுத்திருந்தாலும், ஆடியிலயும் மார்கழியிலயும் கல்யாண டிரிப்பே இல்லாம ஸ்டாண்டுல உக்காந்திருந்தாலும் அந்த 500 ஓடிக்கிட்டே இருக்கும். அத எடுக்கணும்னு தூக்கத்தோட ராத்திரி திருச்சி ஏர்போர்ட் டிராப்புக்கு ஒத்துக்குவ, காலைல வந்ததும் அடுத்த டிரிப்பு. எங்க ஸ்டாண்டு பையன் ஒருத்தன் அப்படித்தான் கண்ணசந்து ரோட்டோர புளியமரத்துல விட்டான். உயிர் பொழச்சுட்டான், கால் இன்னும் சரியாகல, அவன் டியூவ இப்ப அவன் அப்பா கட்டறாரு. உனக்கு ரெகுலரா கூப்பிடற பத்து பார்ட்டி இருந்து, சும்மா கெடக்கற மாசத்துக்குன்னு ஆறு மாச டியூ கையில தனியா இருந்தா அப்ப வாங்கு, நானே கூட வந்து வண்டி பாத்துத் தரேன்.

அந்தத் தம்பிக்கிட்ட நகைய மீட்டு அம்மாகிட்டயே கொடுத்துடுன்னு சொல்லிட்டேன். நான் ஓட்டற ஓனருக்கு இன்னொரு ஆள் தேவைப்படுது, திங்கக்கிழமை லைசன்ஸ் ஒரிஜினலோட காலைல ஆறு மணிக்கு மகாமகக் குளம் மேல்கரைக்கு வரச் சொல்லியிருக்காரு. சட்டைய இஸ்திரி போட்டு வாடான்னு மெசேஜ் போட்டிருக்கேன், ப்ளூ டிக் வந்துடுச்சு, இன்னும் பதில் வரல.