திசைகாட்டி செயலி நிலநடுக்கத்தை முன்கூட்டிச் சொல்லாது

"நிலநடுக்கத்துக்குச் சில மணி நேரம் முன்பே காந்தப்புலம் மாறும், கைபேசித் திசைகாட்டியே காட்டிக்கொடுக்கும், 1989இல் கலிஃபோர்னியாவில் நிரூபித்துவிட்டார்கள்" என்று சிலர் எழுதுகிறார்கள். பாதிகூட உண்மை இல்லை.

மாற்றம் உண்டு என்பது சரிதான். பாறைமீது அழுத்தம் மாறும்போது அதிலுள்ள கனிமங்களின் காந்தத்தன்மையும் சற்று மாறும். ஆனால் அளவைப் பாருங்கள். புவியின் காந்தப்புலம் ஏறத்தாழ 25,000 முதல் 65,000 நானோடெஸ்லா (காந்தப்புல வலிமையை அளக்கும் ஒரு சிறிய அலகு) வரை. 1992இல் கலிஃபோர்னியாவின் லாண்டர்ஸ் நிலநடுக்கத்தில், 7.3 அளவுள்ள பெரும் நடுக்கம் அது, அருகிலிருந்த காந்தமானிகள் பதிந்த மாற்றம் சுமார் 1 நானோடெஸ்லா. அதுவும் நடுக்கத்தோடு வந்ததே தவிர முன்னால் வரவில்லை. கைபேசி உணரியின் இரைச்சலே அதைவிடப் பல மடங்கு அதிகம். கைபேசியை லேசாகத் திருப்பினாலே எண் ஆயிரக்கணக்கில் தாவும். பக்கத்தில் ஸ்பீக்கர் இருந்தால் கேட்கவே வேண்டாம்.

அவர்கள் சொல்லும் 1989 கலிஃபோர்னியா விவகாரம், அதாவது லோமா பிரீட்டா நிலநடுக்கத்துக்கு முன் காந்தப்புலம் மாறியது என்ற கூற்று, கொராலிடோஸ் என்ற ஊரில் இருந்த ஒற்றைக் கருவியின் பதிவை நம்பியது. 2009இல் அதை மறு ஆய்வு செய்தவர்கள் கருவிக் கோளாறாக இருக்கலாம் என்றார்கள். 2004இல் அதே கலிஃபோர்னியாவின் பார்க்ஃபீல்டில் கருவிகள் வரிசையாகக் காத்துக்கிடந்தபோதே 6.0 அளவில் நிலம் நடுங்கியது. காந்த முன்னறிகுறி எதுவும் சிக்கவில்லை.