வெளிக்கிடாத போட்டுகள்

ஜூலை மாதத்துச் சனிக்கிழமை. நல்ல வெயில், தென்மேற்கிலிருந்து மிதமான காற்று. ரொறன்ரோவின் கிழக்கே ஸ்காபரோவில், பிரிம்லி வீதி தெற்கே போய் ஒன்ராறியோ ஏரிக்கரையில் முடிகிற புளஃபர்ஸ் பார்க்கில் வாகனம் விட இடமில்லை. மணலில் பாதி எங்கள் சனம், இறைச்சி வாட்டுகிற புகை. பக்கத்து மரினாவில், போட்டுகளைக் கட்டிவைக்கிற துறையில், பாய்மரங்கள் வரிசை வரிசையாக நிற்கின்றன. ஏரிக்குள் நிற்கிற வெள்ளைப் பாய்களை மட்டும் விரல்விட்டு எண்ணிவிடலாம். கோடையில் இதைவிட நல்ல நாள் கிடைக்காது, ஆனாலும் முக்கால்வாசிப் போட்டுகள் கட்டினபடியே கிடக்கின்றன.

பார்க்கிற எல்லோரும் கேட்பது ஒன்றுதான். "இவ்வளவு காசைக் கொட்டி வாங்கிப்போட்டு ஏன் கட்டி வைச்சிருக்கினம்?" கேட்டவரே பதிலையும் சொல்லிவிடுவார்: ஒன்றில் காசுத் திமிர், இல்லாட்டி இப்ப கையில காசில்லை. இரண்டும் பிழை என்பது என் அபிப்பிராயம். பெரும்பாலான போட்டுகளைக் கட்டிப்போட்டிருப்பது பயம். போன போட்டைத் திரும்பக் கொண்டுவந்து கட்டுகிற பயம்.

எனக்குச் சொந்தமாகப் போட் கிடையாது. புதன்கிழமைப் பின்னேரங்களில் நடக்கிற கிளப் ரேஸ்களில் ஆள் குறைகிற போட்டுகளில் ஏறிக் கயிறு இழுக்கிறவன். அதனால் எந்த முதலாளியையும் காப்பாற்றுகிற தேவை எனக்கில்லை. பலருடைய போட்டுகளில் ஏறினதால் பலருடைய சாட்டுகளையும் கேட்டிருக்கிறேன்.

முதலில் காசுக் கதையைப் பார்த்துவிடுவோம். மரினாவில் இடத்துக்கு அடிக்கணக்கில் வாடகை. இலையுதிர் காலத்தில் கிரேன் வைத்துத் தூக்கி இரும்புத் தாங்கியில் இருத்த ஒரு காசு, இளவேனிலில் இறக்க இன்னொரு காசு. குளிருக்கு முன் இஞ்சினுக்குள்ளும் தண்ணீர்க் குழாய்களுக்குள்ளும் இளஞ்சிவப்பு அன்ரிஃப்ரீஸ் விடவேண்டும், இல்லாவிட்டால் உறைந்து வெடித்துப்போகும். அடிப்பாகத்துக்குப் பாசி பிடிக்காத பெயின்ற். இன்சூரன்ஸ். எல்லாம் உண்மைதான். ஆனால் இந்தச் செலவில் ஒன்றுகூட போட் ஏரிக்குள் போனதால் வருவதல்ல. கட்டிக் கிடந்தாலும் இதே பில்தான் வரும். ஒரு பாய்மரப் படகு பின்னேரம் போய்வர ஆகிற டீசல் சில லீற்றர். கட்டின காசுக்குப் பலன் எடுக்கவேண்டும் என்று பார்த்தால் இவர்கள் ஒவ்வொரு நாளும் வெளிக்கிட வேண்டும். இரட்டை இஞ்சின் பூட்டின பெரிய குறூஸர்கள் மட்டும் விலக்கு. அவை குடிக்கிற பெற்றோலைப் பார்த்தால் எனக்கே கட்டி வைக்கத்தான் தோன்றும்.

இதோடு ஃபைபர்கிளாஸின் குணத்தையும் சேர்க்கவேண்டும். மரம் உக்கும், ஃபைபர்கிளாஸ் உக்காது. 1969இல் தொடங்கி நயாகரா-ஒன்-த-லேக் பட்டறையில் போட் கட்டின சி அண்ட் சி கம்பனியின் எழுபதுகளின் போட்டுகள் இன்றைக்கும் ஒன்ராறியோ ஏரி முழுக்க மிதக்கின்றன. பழைய காரை விடக் குறைந்த விலைக்கு முப்பதடிப் போட் வாங்கலாம். ஆனால் மரினா வாடகை போட்டின் விலையைப் பார்ப்பதில்லை, நீளத்தைத்தான் பார்க்கும். மலிவு என்று வாங்கினவர் இரண்டு வருடத்தில் போட் விலையை விடக் கூட வாடகை கட்டியிருப்பார். விற்கப்போனால் எடுக்க ஆளில்லை. போட் வைத்திருப்பவனுக்கு வாங்கின நாளும் விற்ற நாளும்தான் சந்தோஷம் என்று ஒரு பழைய பகிடி சொல்வார்கள். இங்கே கனபேருக்கு அந்த இரண்டாவது நாள் வருவதேயில்லை.

அடுத்த சாட்டு, காலம். இதில் நியாயம் இருக்கிறது. மே மாதம் இறக்கினால் ஒக்ரோபர் நடுப்பகுதியில் தூக்கவேண்டும். சனி ஞாயிறை எண்ணினால் இருபத்துச் சொச்ச வாரம். ஒன்ராறியோ ஏரியின் சராசரி ஆழம் 86 மீற்றர், அவ்வளவு தண்ணீரும் சூடேற நாள் எடுக்கும். மே மாதத்தில் பத்துப் பாகைக்கும் கீழே நிற்கும், விழுந்தால் கை கால் விறைத்துப்போகும். ஜூலையில் தண்ணீர் நல்லது, காற்றுப் படுத்துவிடும். காற்று வந்தால் சில நாளில் இடிமின்னலோடு வரும். பாய்மரத்துக்கு நல்ல மாதம் செப்ரெம்பர், அப்போது பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் தொடங்கிவிடும். எங்கள் ஆக்களென்றால் கோயில் தேர், பழைய மாணவர் சங்க ஒன்றுகூடல், ஊர்ச் சங்க ஒன்றுகூடல், கலியாணம், சாமத்தியவீடு எல்லாம் அதே சனி ஞாயிறுகளில்தான். 2017இலும் 2019இலும் ஏரி பொங்கி ரொறன்ரோத் தீவுப்பக்கம் வெள்ளத்தில் நின்ற கோடைகளை இந்தக் கணக்கில் சேர்க்கவே இல்லை.

ஆனாலும் காலநிலையும் ஒன்றுகூடலும் இல்லாத சனிக்கிழமைகள் இருக்கத்தான் செய்கின்றன. அன்றைக்கும் போட் கட்டிக் கிடக்கிறதே, அது ஏன்?

வெளியே போவது சுலபம். கயிறுகளைக் கழற்றி மெல்லப் பின்னுக்கு எடுத்தால் போய்விடலாம். திரும்பி வருவதுதான் சோதனை. போட்டுக்கு பிரேக் கிடையாது. சுக்கானில் தண்ணீர் ஓடினால்தான் அது வேலை செய்யும். வேகத்தைக் குறைக்கக் குறைக்கச் சுக்கானும் சொல்வழி கேட்காது. நிறுத்துவதற்குப் பின்கியரைப் போட்டால் புரொப்பெல்லர் போட்டின் வாலை ஒரு பக்கத்துக்கு இழுக்கும், பெரும்பாலும் இடப்பக்கம். அதே நேரத்தில் பக்கக் காற்று முன்பக்கத்தைத் தள்ளும். ஒரு கையகல இடைவெளியில் பக்கத்து ஆளின் புத்தம்புது போட், அதன் துருப்பிடிக்காத கம்பிகள் வெயிலில் மின்னிக்கொண்டு நிற்கும். போட் கட்டுகிற மேடையான டொக்கில் நாற்காலி போட்டு இருக்கிற ஆறேழு பேர் கதையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்ப்பார்கள். அவர்களுக்கு அன்றைய பின்னேரத்தின் படம் அதுதான்.

இந்த நேரத்தில் சுக்கானில் நிற்கிற புருஷன், முன்னுக்குக் கயிற்றோடு நிற்கிற மனைவியைப் பார்த்து, "பாயுங்கோ! இப்ப பாயுங்கோ!" என்று கத்துவார். பாயவே கூடாது. காலை முறிக்கிற விஷயம் அது. மனுஷி பாயவில்லை என்று ஒரு ஏச்சு, பாய்ந்தால் கயிறைப் பிழையான இடத்தில் போட்டதற்கு இன்னொரு ஏச்சு. ஒருமாதிரிக் கட்டி முடித்த பிறகு இரண்டு பேரும் கதைக்க மாட்டார்கள். நான் பார்த்த அளவில் இது வெள்ளைக்காரர், எங்கள் ஆக்கள் என்று வித்தியாசம் இல்லாமல் ஒரே மாதிரித்தான் நடக்கிறது. அடுத்த கிழமை மனைவிக்குத் தலையிடி. அதற்கடுத்த கிழமை தங்கச்சி வீட்டுக்குப் போகவேண்டியிருக்கும். முப்பத்தைந்து அடிப் போட்டைத் தனியாகக் கொண்டுபோய்க் கட்டுகிற தைரியம் அவருக்கு இல்லை. இதை ஆர் வாய்விட்டுச் சொல்லுவினம்? "காத்துச் சரியில்லை", "இஞ்சின்ல ஒரு சின்ன வேலை கிடக்கு", இவ்வளவும்தான் வெளியே வரும்.

பெரிதாக வாங்குவதுதான் இந்த வருத்தத்துக்கு வேர் என்று நினைக்கிறேன். இருபத்திரண்டு அடியில் தொடங்கினவர் மூன்று வருடத்தில் இருபத்தேழுக்குப் போவார், பிறகு முப்பத்துநாலு. ஏன் என்று கேட்டால், ஏரியின் கிழக்கு முனையில் இருக்கிற தவுசன் ஐலண்ட்ஸ் தீவுகள் வரைக்கும் போகவேணும், மாமா மாமி வந்தால் படுக்க இடம் வேணும் என்பார். தவுசன் ஐலண்ட்ஸ் பயணம் அடுத்த கோடைக்குத் தள்ளிக்கொண்டே போகும். மாமா மாமி ஒருமுறை பிரியாணி ட்ரேயோடு வந்து, அரைமணித்தியாலத்தில் வயிற்றைப் பிரட்டி, கரையில் இறக்கிவிடச் சொல்வார்கள். இருபத்திரண்டு அடியில் வேலை முடிந்து வந்த பின்னேரமே ஆறு மணிக்கு வெளிக்கிட்டவர் இப்போது சனிக்கிழமைகூட வெளிக்கிடுவதில்லை. சின்னப் போட்டைக் கட்டும்போது பிழைத்தால் கையால் பிடித்துத் தள்ளலாம். ஐந்தாறு தொன் போட்டைத் தள்ளப்போனால் கைதான் போகும்.

வெளிக்கிடாத போட் சும்மா கிடக்கிறது என்றும் நினைக்கவேண்டாம், அது பழுதாகிக்கொண்டே கிடக்கிறது. பற்றரி இறங்கும். எதனோல் கலந்த பெற்றோல் ஈரத்தை இழுக்கும். இஞ்சினைக் குளிர்விக்கிற பம்பின் ரப்பர் சில்லு ஒரே நிலையில் மடிந்து இறுகிப்போகும். மெத்தைகளில் பூஞ்சணம். இரண்டு மாதம் கழித்து ஆசையோடு வருகிறவர் முதல் மூன்று மணித்தியாலத்தை இஞ்சின் மூடிக்குள் தலையை விட்டபடி கழிக்கிறார். அதற்குள் வெயில் இறங்கிவிடும். அடுத்த முறை வர இன்னும் யோசிப்பார். கிழமைக்கு ஒருக்கா ஓடுகிற போட்டில் இவ்வளவு பழுது வருவதை நான் காணவில்லை.

இனி மறுபக்கம். கட்டிக் கிடக்கிற போட்டில் ஆக்கள் இல்லை என்று சொல்ல முடியாது. பின்னேரம் நடந்து பாருங்கள், முக்கால்வாசி டொக்கிலும் விளக்கு எரியும், பாட்டுக் கேட்கும், ஆட்டுக்கறி மணக்கும். ஒன்ராறியோச் சட்டம்கூட இதற்குத் துணை. ஓடுகிற போட்டில் மதுபானம் குடிக்க முடியாது. நிரந்தரமான படுக்கை, சமையல் வசதி, மலசலகூடம் மூன்றும் இருக்கிற போட்டில், நங்கூரம் போட்டு நிற்கும்போது அல்லது கரையில் கட்டியிருக்கும்போது மட்டும்தான் குடிக்கலாம். அதாவது சனிக்கிழமை பின்னேரம் இரண்டு பியரோடு ஆறுதலாக இருக்க ஆசைப்படுகிறவருக்குச் சட்டப்படியே நல்ல இடம் கட்டின போட்தான்! வடக்கே மஸ்கோக்கா ஏரிப்பக்கம் கொட்டேஜ், அதாவது கோடை வீடு, வாங்க எத்தனை பேரால் முடியும்? ஸ்காபரோவில் வீட்டிலிருந்து கால்மணித்தியாலத்தில் தண்ணீரில் ஆடுகிற ஒரு அறை கிடைக்கிறது என்றால் அதில் என்ன குறை? இப்படி இருக்கிறவர்களை நான் நையாண்டி செய்யவில்லை. ஆனால் அவர்கள் வாங்கினது கொட்டேஜ். அதற்குப் பாய்மரமும் நாற்பது குதிரைவலு இஞ்சினும் எதற்கு என்பதுதான் எனக்கு விளங்காதது.

அப்படியானால் எந்தப் போட்டுகள் வெளிக்கிடுகின்றன? ஆராவது காத்துக்கொண்டு நிற்கிற போட்டுகள். சனிக்கிழமை வெயிலில் அசையாத அதே ஆள், புதன்கிழமைத் தூறலில் ஆறு மணிக்குக் கயிறு கழற்றுவார். நாலு பேர் மழைச்சட்டையோடு டொக்கில் வந்து நிற்கிறோம், ஆறரைக்கு ரேஸ் தொடங்குகிறது, போகாமல் இருக்க ஏலாது. திரும்பி வரும்போதும் நாலு சோடிக் கை இருக்கிறது, ஒவ்வொரு மூலைக்கும் ஒரு கயிறு. அவர் கத்துவதேயில்லை.

யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறை வழிவந்த ஆக்கள் இரண்டு மூன்று பேர் எங்கள் பக்கத்திலும் போட் வைத்திருக்கிறார்கள். ஒருத்தர் தன் போட்டுக்குள் அன்னபூரணியின் படம் மாட்டி வைத்திருக்கிறார். வல்வெட்டித்துறையில் கட்டின அந்தப் பாய்க்கப்பல் 1938இல் ஊர் மாலுமிகளோடு அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகம் வரைக்கும் போனது. பெருமைதான், எனக்கும். ஆனால் அந்த ஊர்க் கப்பல்கள் பர்மாவுக்கும் இந்தியாவுக்கும் போய்வந்தது ஏற்ற சரக்கு இருந்ததாலும், மறுகரையில் வாங்க ஆள் நின்றதாலும். படத்தை மாட்டினவரின் போட் இந்தக் கோடையில் இன்னும் அசையவில்லை.

போன கிழமை ஒரு தம்பி முப்பத்துநாலடிப் போட் ஒன்றின் விளம்பரத்தை அனுப்பி, "அண்ணை, வாங்கலாமோ?" என்று கேட்டிருந்தார். இருபத்தைந்துக்கு மேலே போகவேண்டாம் என்று எழுதினேன். கனடாவில் இஞ்சின் போட் ஓட்டுகிறவர்கள் வைத்திருக்கவேண்டிய அட்டையை மனைவியும் சேர்ந்தே எடுக்கட்டும், சோதனை ஒன்றும் கஷ்டமில்லை. பிறகு சனமில்லாத கிழமைநாள் காலையில் மரினாவின் வெறும் பக்கத்தில் போய் இரண்டு பேருமாகக் கட்டிக் கழற்றிப் பழகவேண்டும். சுக்கான் மனைவியின் கையில், கயிறு அவர் கையில். கயிறு இழுக்கத்தான் பலமான கை தேவை, சுக்கானுக்குத் தேவையில்லை. "அவ ஓட்டமாட்டா அண்ணை" என்று பதில் வந்தது. கேட்டுப் பார்த்தீரோ என்று திருப்பிக் கேட்டேன், இன்னும் பதில் இல்லை.

தண்ணீரில் போக ஆசை, ஆனால் வாங்குகிற எண்ணம் இல்லை என்பவர்களுக்கு: புதன் பின்னேரம் ஆள் குறைகிற போட் எப்போதும் ஒன்று இருக்கும். அனுபவம் வேண்டாம். கறுப்பு அடி இல்லாத சப்பாத்தும், கோடையென்றாலும் ஒரு ஸ்வெட்டரும் கொண்டு ஆறு மணிக்கு முன் வந்து நில்லுங்கள். வரப்போகிறவர்கள் இன்பொக்ஸில் சொல்லுங்கள்.